ஹெட்டில் கை வைத்தது யார்?

லேபிள் பிரிண்டர் சர்வீஸுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு கம்பெனி ஒரு பை கொடுத்திருக்கும். அதில் ஸ்க்ரூடிரைவர் இருக்கும், துடைக்கிற ஆல்கஹால் பாட்டில் இருக்கும், நூல் பிரியாத துணி இருக்கும். பொறுமை இருக்காது. அதை நீங்கள்தான் சொந்தச் செலவில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பிரிண்ட் ஹெட் என்பது ஒரு சின்னப் பட்டை. தலை வாரும் சீப்பின் நீளம்தான். அதன் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சூட்டுப் புள்ளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அவை சுட்டுச் சுட்டு, ரிப்பனில் இருக்கும் கறுப்பை லேபிளில் ஒட்டவைக்கின்றன. ஒரு புள்ளி செத்தால், அது இருந்த இடத்தில் லேபிளின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு வெள்ளைக் கோடு விழும். இதில் சயின்ஸ் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் மனிதர்கள்.

சேல்ஸ்காரர்கள் ஹெட்டின் ஆயுளைக் கிலோமீட்டரில் சொல்வார்கள், லாரி டயர் மாதிரி. இத்தனை கிலோமீட்டர் லேபிள் ஓடும், பிறகுதான் தேயும் என்பார்கள். நம்பாதீர்கள். வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே நான் ஸ்கூட்டரில் அலைந்த காலமெல்லாம், ஓடித் தேய்ந்து இயற்கையாகச் செத்த ஹெட்டுகளைக் கொஞ்சமாகத்தான் பார்த்தேன். மற்றதெல்லாம் கொலை. அதிலும் முக்கால்வாசி, பாசத்தால் நடந்த கொலை.

ஒடுகத்தூர் பக்கம் கடலை எண்ணெய் பாக்கெட் போடும் ஒரு கம்பெனி. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் போன் வந்தது, பிரிண்டர் கண்ணை மூடிக்கொண்டது என்று. போய்த் திறந்தால் மெஷினின் வெளிப்பக்கம் பளிச்சென்று இருக்கிறது. உள்ளே ஹெட்டின் மேல் வரிசையாக சந்தனம், குங்குமம். “வெளிய வெச்சா லேபிள் கறையாய்டும்னு உள்ள வெச்சேன்” என்றார் முதலாளி. அதற்கு மேல் கற்பூரமும் காட்டியிருக்கிறார். அந்த ஹெட் மங்களகரமாகப் போய்ச் சேர்ந்தது. அவரிடம் நான் என்ன சொல்ல? சாமி ஏற்றுக்கொண்டது என்று சொல்லிவிட்டுப் புது ஹெட் மாட்டிவிட்டு வந்தேன்.

இந்த மாதிரிச் சாவுகளில் பிரச்சனை இல்லை. சிரித்துவிட்டு வந்துவிடலாம். செத்த ஹெட்டுக்காக உயிரோடு இருக்கும் ஒரு ஆளைப் பலி கேட்கும்போதுதான் நமக்கு வேலையே ஆரம்பிக்கிறது. அப்படி ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரி. அங்கே பேக்கிங் செக்‌ஷனுக்கு மேனேஜர் இம்தியாஸ் பாய். காலையிலேயே போனில் கத்தினார்.

“மேடம், லேபிள்ல கோடு வுழுது. பார்கோடு படிக்கல. வெளிய கன்டெய்னர் நிக்குது. உடனே வாங்க!”

போனேன். கேட்டில் வாட்ச்மேன் என்னைப் பார்த்தார், என் ஸ்கூட்டரைப் பார்த்தார், எனக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார்.

“இன்ஜினீயர் பின்னாடி வர்றாரா?”

“முன்னாடியே வந்துட்டாங்க. கேட்டத் தொறங்க.”

இந்த உரையாடலை நான் வேலையில் இருந்தவரை வாரம் ஒருமுறையாவது நடத்தியிருப்பேன். பெண் பிள்ளைகளே, கோபப்படாதீர்கள். கேட் திறந்தால் போதும்.

பேக்கிங் ஹாலுக்குள் நுழைந்ததும் நிலைமை புரிந்தது. அட்டைப்பெட்டிகள் சுவர் மாதிரி அடுக்கியிருந்தன. ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய இன்ஸ்பெக்டர் ஒருவர் கையில் ஸ்கேனரோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பெட்டியின் பார்கோடும் அவர் ஸ்கேனரில் ‘பீப்’ அடித்தால்தான் பெட்டி கன்டெய்னருக்குப் போகும். ‘பீப்’ வரவேயில்லை. அவர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். கப்பலை விட்டால் ஷூவையெல்லாம் விமானத்தில் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினால் லாபமும் அதே விமானத்தில் ஏறிப் போய்விடும்.

பாய் பிரிண்டர் பக்கத்தில் நின்றுகொண்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. சின்ன வயதில் தோல் சீவும் மேஜையில் வேலைக்குச் சேர்ந்து, ஷூவில் மடித்துத் தைக்கும் ஓரங்களைக் கத்தியால் சீவி மெல்லிசாக்கும் வேலையிலிருந்து படிப்படியாக மேலே வந்தவர். ஆனால் பிரிண்டரின் சூட்டை ஏற்கெனவே உச்சத்துக்கு ஏற்றி வைத்திருந்தார்.

“ஏன் பாய் இவ்ளோ சூடு?”

“கோடு மறையும்னுதான்.”

இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோடு விழுகிற இடத்தில் புள்ளி செத்துக் கிடக்கிறது. செத்தவனுக்கு எவ்வளவு சூடு வைத்தாலும் எழுந்து வரமாட்டான். பக்கத்தில் உயிரோடு இருப்பவன்தான் சீக்கிரம் சாவான். பிரியாணிக்கு தம் போடுகிற ஊரில், சூட்டைக் குறைத்தால் காரியம் நடக்கும் என்று சொன்னால் புரியும் என்று நினைத்தேன். பாய்க்குப் புரியவில்லை. அவர் மனசு வேறு இடத்தில் இருந்தது.

“இவதான் மேடம்!” என்று கையை நீட்டினார். “இவ கை பட்டாலே மிஷினு கெட்டுப் பூடுது. போன ஹெட்டும் இவளாலதான். நாளையிலேர்ந்து இவ வேணாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன்.”

ஹாலில் இருந்த அத்தனை பெண்கள் முன்னாலும் சொன்னார். கை நீட்டிய இடத்தில் தேவகி நின்றிருந்தாள். லேபிள் மெஷினைப் பார்த்துக்கொள்பவள். நாற்பதுக்கு மேல் இருக்கும். மகள் வேலூரில் நர்சிங் படிக்கிறாள் என்று முன்பு ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தாள். வழக்கமாக ஹாலில் அதிகம் வாயடிப்பது அவள்தான். அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. கீழே கிடந்த வீணான லேபிள்களைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் சென்னைக்குப் போன் போட்டேன். புது ஹெட் மறுநாள்தான் வரும் என்றார்கள். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? மெஷினைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்க்ரூக்களை வரிசையாக அடுக்குவீர்கள். எனக்கும் கை அரித்தது. ஆனால் ஹெட் செத்தது செத்ததுதான், கழற்றினால் பிழைக்காது. அதனால் கையைக் கட்டிக்கொண்டு லேபிளையே பார்த்தேன். லேபிளின் இடது பக்கத்தில் பார்கோடு. வெள்ளைக் கோடு சரியாக அதற்குள் புகுந்து ஓடுகிறது. வலது பக்கத்தில் ஷூவின் சைஸ், நிறம், அதற்கும் ஓரத்தில் ஒன்றும் அச்சாகாத வெற்று இடம்.

கம்ப்யூட்டரில் லேபிள் டிசைனைத் திறந்து, அப்படியே தலைகீழாகத் திருப்பினேன். சூட்டைக் குறைத்தேன். பட்டனை அழுத்தினேன்.

லேபிள் வந்தது. பாய் அலறினார்.

“யா அல்லா! எழுத்தெல்லாம் தலகீழா வருது மேடம்!”

“ஒட்டும்போது திருப்பி ஒட்டச் சொல்லுங்க பாய்.”

அவர் லேபிளைக் கையில் வாங்கினார். திருப்பினார். மறுபடி திருப்பினார். மெஷின் தலைகீழாக அடித்தால் என்ன, கையில் வந்த பிறகு லேபிள் லேபிள்தான். ஹெட்டில் செத்த இடத்துக்கு நேராக இப்போது வெற்று ஓரம் ஓடியது. அங்கே வெள்ளைக் கோடு விழுந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? வெள்ளையில் வெள்ளை. இன்ஸ்பெக்டர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஸ்கேனரை நீட்டினார்.

பீப்.

ஹாலில் யாரோ கைதட்டினார்கள். உண்மையில் நான் செய்தது ரிப்பேரே இல்லை. ஆனால் அந்த நேரத்துக்கு அதுதான் வேலை.

லேபிள்கள் வர ஆரம்பித்தன. பெட்டிகள் நகர ஆரம்பித்தன. மதியம் ஜும்மா தொழுகைக்கு ஃபேக்டரி நின்றது. பாயும் மற்ற ஆண்களும் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார்கள். பெண்கள் சாப்பாட்டுக்குப் போனார்கள். நான் பிரிண்டரை அணைத்து, ஹெட் ஆறுவதற்கு விட்டுவிட்டு, பக்கத்திலேயே என் டிபன் பாக்ஸைத் திறந்தேன். தேவகியும் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். எலுமிச்சை சாதம். ஆனால் சாப்பிடவில்லை, பிசைந்துகொண்டே இருந்தாள்.

ஹெட் ஆறியதும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அதன் மேலிருக்கும் மெல்லிய கண்ணாடிப் பூச்சில் நேர்நேராக, ஒரே சாய்வில், கீறல்கள். தேய்மானம் இப்படி வராது. தேய்மானம் வழுக்கை மாதிரி, பரவலாக வரும். இது பூனை பிறாண்டியது மாதிரி இருந்தது. ஏதோ கூரான இரும்பு.

“தேவகி, இத எதாலயாவது சுரண்டுனியா?”

“நானா? துணியால தொடைக்கவே பயம் மேடம் எனக்கு.”

“அப்போ யாரு?”

அவள் சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள்.

“ஒரு நாளு சீக்கிரம் வந்தப்போ கண்ணால பாத்தேன் மேடம். யாருன்னு சொன்னா எனக்கு வேல இருக்காது. சொல்லாட்டியும் இருக்காது. ரெண்டுத்துக்கும் ஒண்ணுதான்னா வாய மூடினு போறது மேல் இல்ல? நாளைக்கு வேற கம்பெனில போய்க் கேக்கணும். அங்கயும் பாய்க்குத் தெரிஞ்சவங்கதான் இருப்பாங்க.”

இதற்குமேல் நான் கேட்கவில்லை. யாராக இருக்கும் என்று எனக்கும் அரைகுறையாகப் புரிந்தது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் அடிக்கடி ஒன்று சொல்வார்: “மிஷின சரி பண்றது பாதி வேல. யார் மூஞ்சியும் கிழியாம வெளிய வர்றது மீதி வேல.” நல்ல வாக்கியம். அதை வைத்துக்கொண்டு அவர் ரொம்ப நிம்மதியாக ரிட்டயர் ஆனார். ‘ஹெட் தேய்ந்துவிட்டது’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாய் முகமும் கிழியாது, எங்கள் கம்பெனிக்கும் அந்த ஃபேக்டரியின் சர்வீஸ் வேலை போகாது. ஆனால் இங்கே ஒருத்தியின் முகம் காலையிலேயே கிழிந்துவிட்டதே. அதை எந்தக் கணக்கில் வைப்பது?

நான் இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே தொழுகை முடிந்து பாய் வந்துவிட்டார். தலையில் தொப்பி இன்னும் இருந்தது. முகம் தெளிவாக இருந்தது. திறந்து கிடந்த ஹெட்டை எட்டிப் பார்த்தார்.

“இன்னும் கறுப்பு ஒட்டினு இருக்கே மேடம். ஏ தேவகி, இங்க வா. போறதுக்கு முன்னாடி இதயாச்சும் கத்துக்கினு போ. இத எப்படிச் சுத்தம் பண்ணணும்னு பாரு.”

சட்டைப் பையிலிருந்து தோல் சீவும் கத்தியை எடுத்தார். பல வருஷம் அவர் கையில் பழகிய கத்தி. அதைச் சாய்த்துப் பிடித்து, பெருமையோடு ஹெட்டின் விளிம்பை நோக்கிக் கொண்டுபோனார்.

என் கையில் டிபன் பாக்ஸ் மூடி இருந்தது. யோசிக்கவெல்லாம் இல்லை. குறுக்கே நீட்டிவிட்டேன். கத்தி மூடியில் ‘கிறீச்’ என்று இழுத்தது. எனக்கே பல் கூசியது.

“இன்னா மேடம்!”

“எத்தினி நாளா பாய் இப்படி?”

“தெனமும்தான். காலைல எல்லாருக்கும் முன்ன நான்தான் வர்றேன். இவங்க வர்றதுக்குள்ள ஒரு தபா சுத்தமா சீவி வெச்சிடுவேன். இந்த மிஷினு மேல எனக்கு அவ்ளோ அக்கற. இவங்களுக்கு எங்க அதெல்லாம்?”

சொல்லி முடித்துவிட்டுச் சிரித்தார். தேவகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி நின்றாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் பூதக்கண்ணாடியை அவர் கையில் கொடுத்தேன். குனிந்து பார்த்தார். கத்தியின் சாய்வையும் கீறலின் சாய்வையும் மாறி மாறிப் பார்த்தார். தோல் சீவியவர் கண். நான் விளக்கமே சொல்லத் தேவையில்லாமல் போனது.

“என் கையி பட்டு ஒரு தோல் கூட வீணானது கெடையாது மேடம்” என்றார் மெதுவாக.

“இது தோல் இல்ல பாய். கண்ணாடி.”

“அப்போ போன ஹெட்டும்…?”

அவர் கத்தியைத் துணியில் சுற்றி, பையில் வைத்துக்கொண்டார். அதற்குள் சாப்பாடு முடிந்து பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வர ஆரம்பித்தார்கள். பாய் சட்டென்று பழைய குரலுக்கு வந்தார்.

“ஆன் பண்ணுங்க மேடம். டைம் ஆவுது.”

இங்கேதான் எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. உங்களுக்கும் வரும். மெஷின் என் கையில் இருக்கிறது. ‘முதல்ல தேவகிகிட்ட சொல்லுங்க, அப்புறம் ஆன் பண்றேன்’ என்று சொன்னால் அவர் சொல்லித்தான் ஆக வேண்டும். சினிமாவில் என்றால் அப்படித்தான் செய்வார்கள், பின்னால் வயலின் வாசிப்பார்கள். ஆனால் அந்தப் பெட்டிகளில் இருந்தது பாயின் ஷூ மட்டுமா? ஹாலில் நின்ற எல்லாப் பெண்களும் ஒட்டி, தைத்து, துடைத்த ஷூ. மெஷினைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு நியாயம் கேட்பவன் மெக்கானிக் இல்லை, ரௌடி. ஆன் செய்தேன். லேபிள் ஓட ஆரம்பித்த பிறகு, கையில் எந்தப் பிடியும் இல்லாமல், அவரிடம் போனேன்.

“பாய், தேவகிய வேணாம்னு சொன்னீங்களே.”

“ஆபீஸ்ல பேசிக்கறேன். நாளைக்கு வரட்டும். முடிஞ்சிது.”

“முடியல பாய். காலைல எல்லார் முன்னாடியும்தான சொன்னீங்க?”

அவர் முகம் சிவந்தது. “நீங்க பிரிண்டர் பாக்க வந்தீங்களா, பஞ்சாயத்து பண்ண வந்தீங்களா?” என்று கேட்டுவிட்டு லோடிங் பக்கம் போய்விட்டார்.

நியாயமான கேள்வி. நான் வாசலுக்கு வந்து சீனியருக்குப் போன் போட்டேன். ஓய்வு பெற்றும் அவரை நான் விட்டபாடில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீ பிரிண்டர் பாக்கப் போனியா, பஞ்சாயத்து பண்ணப் போனியா?” என்றார். இரண்டு பேரும் பேசிவைத்த மாதிரி ஒரே வாக்கியம். போனை வைத்துவிட்டேன். ஹாலுக்குத் திரும்பி, பிரிண்டர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கோடு வெற்று ஓரத்தை விட்டு நகராமல் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டுமே. மனசுக்குள் அந்த ஃபேக்டரிக்கு விடை கொடுத்தாயிற்று. இனிமேல் இங்கே வேறு கம்பெனிக்காரன்தான் வருவான் என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் கடைசிப் பெட்டி ‘பீப்’ அடித்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து சோம்பல் முறித்தார். கன்டெய்னர் கதவைச் சாத்தி சீல் வைக்கும் சத்தம் கேட்டது. பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்காக செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். தேவகி தன் டப்பா, குடை, மெஷின் பக்கத்தில் வைத்திருந்த சின்னச் சாமி படம் எல்லாவற்றையும் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வருகிறவள் சாமி படத்தை எடுத்துப் போகமாட்டாள்.

பாய் உள்ளே வந்தார். ஹாலின் நடுவில் நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

“எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க.”

நின்றார்கள்.

“காலைல தேவகிய நான் சொன்னது தப்பு. மிஷின அவ கெடுக்கல.” வார்த்தை வெளியே வர அவ்வளவு கஷ்டப்பட்டது. “கெடுத்தது… என் கத்தி.”

நான் என்று சொல்ல வாய் வரவில்லை, கத்தி என்றார். எல்லோரும் தேவகியைப் பார்த்தார்கள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். காலையிலிருந்து பாய் முன்னால் பூட்டியிருந்த வாய் திறந்தது.

“பரவால்ல பாய். கத்திய மன்னிச்சிட்டேன். அத வெச்சினு இருந்தவர பத்தி நாளைக்கு வந்து யோசிச்சு சொல்றேன்.”

முதலில் சிரித்தது இன்ஸ்பெக்டர். பிறகு ஹாலே சிரித்தது. பாய் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் அவராலும் முடியவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். தேவகி பஸ்ஸுக்குப் போகும் வழியில் அந்தச் சாமி படத்தை எடுத்து பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் புது ஹெட் வந்தது. மாட்டியவுடன் தேவகியைக் கூப்பிட்டு, ஆறிய பிறகுதான் துடைக்க வேண்டும், ஒரே பக்கமாகத் துடைக்க வேண்டும், எழுத்து தெளிவாக வருகிற அளவுக்கு மேல் ஒரு துளி சூடு ஏற்றக் கூடாது என்று காட்டினேன். வாரா வாரம் ஜும்மாவுக்கு ஃபேக்டரி நிற்கும் நேரத்தை அவள் துடைப்பதற்கு எடுத்துக்கொண்டாள். மெஷினும் ஆறியிருக்கும், பாயும் பள்ளிவாசலில் இருப்பார் என்றாள். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

அந்த ஃபேக்டரி என்னை விடவில்லை. பாய் அதற்குப் பிறகும் போனில் கத்திக்கொண்டுதான் இருந்தார், ஆனால் வேறு மெஷின்களுக்காக. அந்த ஹெட்டோ சாகவே மறுத்தது. எங்கள் சேல்ஸ்காரர் என்னிடம் வந்து வருத்தப்பட்டார். “அங்க ஹெட் ஏன் போவவே மாட்டேங்குது மேடம்? எதாச்சும் பண்ணி வெச்சிட்டீங்களா?” என்று கேட்டார். பண்ணித்தான் வைத்திருந்தேன்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் கடைசியாக அங்கே போனேன். வழக்கமான பரிசோதனைதான். மதியம் ஆம்பூரில் சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டே ஹாலுக்குள் நுழைந்து, பிரிண்டரின் மூடியைத் திறக்கக் கையை நீட்டினேன். தேவகி குறுக்கே வந்து நின்றாள்.

“மேடம், மோதிரத்தக் கழட்டுங்க.”

கழற்றினேன்.

“கையக் காட்டுங்க.”

காட்டினேன். குனிந்து மோந்து பார்த்தாள்.

“பிரியாணி வாசன வருது. இந்த எண்ணக் கையோட ஹெட்ட தொடுவீங்களா? நீங்களே இப்படிப் பண்ணா எப்படி? போய் சோப்பு போட்டுக் கழுவினு வாங்க.”

ஹாலின் மறு மூலையில் இம்தியாஸ் பாய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் காப்பாற்ற வரவில்லை. குழாய் இருக்கும் பக்கத்தை மட்டும் விரலால் காட்டினார்.

போய்க் கழுவிக்கொண்டு வந்தேன்.